பேச முடிகிற வேகம்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி என்பது நம் ஊரின் அதிகாலை மாதிரி. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கும் இந்தத் தீவில், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். 1982 பிறந்தபோது நாட்டின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால் வந்த வசதி அது. ஓடுபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. ஆனால், புழுக்கத்திடமிருந்து யாரும் தப்ப முடியாது. முதல் கிலோமீட்டரிலேயே சட்டை நனைந்துவிடும்.

ஃபேரர் பார்க் ரயில் நிலைய வாசலில் ஞாயிறுதோறும் கூடும் ஓட்டக் குழுவில் நானும் ஒருவன். பதினைந்து பேர் வருவோம், சில வாரம் இருபது. எனக்கு மன்னார்குடிப் பக்கம். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் குழுவுக்குப் பெயர்ப் பலகை கிடையாது, சந்தா கிடையாது, சீருடை கிடையாது. ஒரே ஒரு விதிதான் உண்டு: ‘பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும்.’

இது சோம்பேறிகளின் விதி அல்ல. நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்கச் சொல்வதுதான். முழு வாக்கியம் ஒன்றை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால், உடம்பு தாங்கும் வேகத்தில் ஓடுகிறோம் என்று அர்த்தம். வார்த்தைக்கு வார்த்தை இழுத்துப் பிடித்து நிறுத்தினால் வேகம் அதிகம். கையில் கட்டும் விலை உயர்ந்த கடிகாரம் சொல்வதை நாக்கே சொல்லிவிடும்.

பேச முடிகிற வேகம் சரி. என்ன பேசுவது? அதுதான் கடினம் என்பதை இந்த ஆறு வருடத்தில் கண்டுகொண்டேன்.

குதிரை ஓடிய தெரு

எங்கள் பாதை சுமார் 10 கிலோமீட்டர். ஃபேரர் பார்க்கில் தொடங்கி, ரேஸ் கோர்ஸ் ரோடு வழியாகத் தேக்கா முனைக்கு வருவோம். அங்கிருந்து சுங்கை ரோடு, ரோச்சோர் கால்வாய்க் கரை, காலாங் நீர்ப்பரப்பு, தேசிய விளையாட்டரங்கம். பிறகு வந்த வழியே திரும்பல்.

ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் சும்மா வந்ததல்ல. 1840-களிலிருந்து 1933 வரை சிங்கப்பூரின் குதிரைப் பந்தயத் திடல் இங்கேதான் இருந்தது. பிறகு புக்கித் தீமாவுக்கும், அங்கிருந்து கிராஞ்சிக்கும் போய், 2024 அக்டோபரில் குதிரைப் பந்தயமே இந்த நாட்டில் முடிவுக்கு வந்தது. 1911-இல் சிங்கப்பூர் மக்கள் முதன்முதலாக ஆகாய விமானத்தைப் பார்த்ததும் இந்தத் திடலில்தான். 1942 பிப்ரவரி 17 அன்று, ஜப்பானியரிடம் பிரிட்டிஷ் படை சரணடைந்த இரண்டாம் நாள், பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை நிற்க வைத்து ஜப்பானியரிடம் ஒப்படைத்த மைதானமும் இதுவே. இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது.

இவற்றை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் குழுவின் மூத்தவர், எழுபதை நெருங்கும் உள்ளூர்க்காரர், பக்கத்தில் ஓடியபடி சொன்னார். ஒரு தெருவுக்கு ஒரு கதை, ஒரு திருப்பத்துக்கு ஒரு பெயர். சிராங்கூன் ரோட்டில் இருக்கும் வீரமாகாளியம்மன் கோயிலை அவருடைய பாட்டி ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்றுதான் சொல்வாராம். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அதில் வேலை செய்தவர்கள் நம் ஆட்கள். ‘கம்பம்’ என்பது கிராமத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம்.

“ஓடும்போது கத சொன்னா மூச்சு வாங்கலயா அண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கத சொல்றவனுக்கு மூச்சு வாங்காது தம்பி. கேக்கிறவன்தான் பதில் சொல்லணுமேன்னு பயந்து மூச்ச விடுவான்” என்றார்.

மூன்று கேள்விகள்

புதிதாக ஒருவர் வந்தால் நம்மவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள். எந்த ஊர்? என்ன வேலை? எங்கே குடியிருக்கீங்க? தமிழ்நாட்டில் இது சாதாரண விசாரிப்பு. சிங்கப்பூரில் இந்த மூன்றும் மனிதரை அடுக்கி வைக்கும் அலமாரிகள். ‘எங்கே குடியிருக்கீங்க’ என்ற கேள்விக்குத் தனியார் அடுக்குமாடி என்பது ஒரு பதில், வீவக வீடு என்பது ஒரு பதில், ஊழியர் விடுதி என்பது ஒரு பதில். பதில் வந்த மறுநொடியே குரல் மாறிவிடும்; ‘ங்க’ கூடும் அல்லது குறையும்.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து ஒரு கணினித் துறை இளைஞர் வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை. முதல் நாளே எங்கள் குழுவின் அக்கா ஒருவருக்குப் பக்கத்தில் ஓட ஆரம்பித்தார். அக்கா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை.

“அக்கா, நீங்க சொந்த ஊர் எது?”

“தோ பாயோ.”

“இல்லக்கா, சொந்த ஊரு?”

“அதான்பா, தோ பாயோ.”

“அது இல்லக்கா, இந்தியால...”

அக்கா நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதே வேகத்தில் ஓடிக்கொண்டே, “எங்க அம்மா பொறந்தது இந்த ரோட்டு முனையில. நான் பொறந்ததும் அங்கதான், அறுபத்தாறுல. இதுக்கு மேல சொந்த ஊருக்கு எங்க போக?” என்றார்.

அவர் சொன்னது கண்டாங் கெர்பாவ் மகப்பேறு மருத்துவமனையை. 1966-இல் அந்த ஒரே மருத்துவமனையில் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. மருத்துவமனை 1997-இல் சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம்.

சிங்கப்பூரில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் தமிழர்களுக்கும், நேற்று விமானத்தில் வந்து இறங்கிய நமக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு உண்டு. மொழி ஒன்று, சாமி ஒன்று, சாம்பார் ஒன்று. ஆனாலும் கோடு இருக்கிறது. ‘சொந்த ஊர் எது’ என்ற கேள்வி அந்தக் கோட்டின் மேல் நேராகப் போய் மிதிக்கும். கேட்பவர் பாசத்தோடுதான் கேட்கிறார். காதில் விழுவதோ ‘நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லையே’ என்பது.

மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த உரையாடல் அங்கேயே செத்திருக்கும். ஓட்டத்தில் அப்படி ஆகாது. இருவரும் முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கடப்பட்ட முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. மௌனம்கூட மூச்சு வாங்குவதாகத்தான் தோன்றும். அரைக் கிலோமீட்டர் கழிந்த பிறகு அந்த இளைஞர் மெதுவாகக் கேட்டார்: “அக்கா, அப்ப இந்த இடமெல்லாம் எப்படி இருந்துச்சு?”

அவ்வளவுதான். அக்கா காலாங் வரை நிறுத்தவில்லை. எருமைச் சந்தை இருந்ததால் வந்த பஃபலோ ரோடு, ரோச்சோர் கால்வாயின் அந்நாளைய நாற்றம், சுங்கை ரோட்டில் 2017 வரை நடந்த திருட்டுச் சந்தையில் அப்பா வாங்கிக் கொடுத்த பழைய சைக்கிள் என்று மூன்று கிலோமீட்டர் ஓடியது. ஆளைப் பற்றிக் கேட்டபோது மூடிய கதவு, தெருவைப் பற்றிக் கேட்டபோது திறந்துகொண்டது. அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பாடம் இதுதான்: ஆளைக் கேட்காதே, பாதையைக் கேள். ஆள் தானாக வந்து சேர்வார்.

பேச்சுக்காகவே ஒரு ஓட்டம்

கூடி ஓடுவதில் ஓட்டம் பாதி, பேச்சு பாதி என்பதை இந்த வட்டாரம் முன்பே கண்டுபிடித்திருக்கிறது. 1938-இல் கோலாலம்பூரில் சில பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய ‘ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ இன்று உலகம் முழுக்கக் கிளை பரப்பிய ஓட்டக் கூட்டம். ஒருவர் முன்னே போய்க் காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் வைப்பார். மற்றவர்கள் கூச்சலிட்டுக்கொண்டே தேடிப் போவார்கள். யார் முதலில் வந்தார் என்பதற்கு மதிப்பே கிடையாது. வயதானவர்களுக்கு அவ்வளவு வயதாகிவிடவில்லை என்று நம்பவைப்பதும் அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான கிஸ்பர்ட், 1942-இல் சிங்கப்பூரைக் காக்கும் போரில் இறந்தார். போருக்குப் பிறகு, 1962-இல் சிங்கப்பூரிலும் ஒரு கிளை உருவானது.

இன்னொன்று ‘பார்க்ரன்’. 2004-இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய இலவச 5 கிலோமீட்டர் ஓட்டம், 2014-இல் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். நடந்து முடிப்பவருக்கும் கைதட்டு உண்டு. சீனர், மலாய்க்காரர், ஐரோப்பியர், நம்மவர் எல்லாரும் இருப்பார்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த ஆண்களிடம் பேச்சைத் தொடங்க எளிய சாவி ஒன்று இருக்கிறது: “உங்க 2.4 எவ்வளவு?” 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். உடல்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. அறுபது வயது டாக்சி ஓட்டுநருக்கும் தன்னுடைய அந்தக் கால 2.4 நேரம் நொடி சுத்தமாக ஞாபகம் இருக்கும். அதைச் சொல்லும்போது கூடவே முகாம், சார்ஜன்ட், நண்பர்கள், முதல் காதல் வரை எல்லாம் வரும்.

தமிழ்ப் பெயர்களும் கைகொடுக்கும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிய குணாளனின் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. அதை 2001-இல் நூறில் ஒரு பங்கு விநாடி வித்தியாசத்தில் முறியடித்தவர் ஷியாம். 1995-இல் ரமேஷன் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் ஓடிய மாரத்தான் சாதனை 2019 வரை நின்றது. 1983-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் மாரத்தான் தங்கம் ஜெயமணிக்கு. எங்கள் மூத்தவரிடம் இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொன்னால் போதும், அடுத்த இரண்டு கிலோமீட்டருக்குக் கவலை இல்லை.

காலுக்குக் கீழே

எல்லாரும் பேசும் குழுவில் ஒருவர் மட்டும் பேசாமல் ஓடினார். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். கட்டுமான வேலை. ஜூரோங் பக்கத்து விடுதியில் அறை. ஞாயிறு ஒரே விடுமுறை. ஐந்து மணிக்கு எழுந்து, பூன் லேயில் முதல் ரயிலைப் பிடித்து, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஏழு மணிக்குள் வந்துவிடுவார். பள்ளிக்கூட நாளில் மாவட்ட அளவில் ஓடியவராம். அவருடைய கால் விழுகிற சத்தமே கேட்காது. வேகமாகப் போகத் தெரிந்தவர், எப்போதும் கடைசியில்தான் ஓடுவார்.

முதல் வாரம் யாரோ பக்கத்தில் போய், “எந்த கம்பெனி? பி.ஆரா, இ.பி.யா?” என்று கேட்டிருக்கிறார். நிரந்தரவாசியா, அதிகாரிகளுக்கான வேலை அனுமதியா என்பது கேள்வி. இரண்டும் இல்லாதவருக்கு அதில் பதில் சொல்ல இடமே இல்லை. “கன்ஸ்ட்ரக்‌ஷன் சார்” என்று சொல்லிவிட்டு அவர் பின்தங்கியிருக்கிறார். அதன் பிறகு நான்கைந்து வாரம் ‘குட்மார்னிங் சார்’, ‘வரேன் சார்’ இரண்டோடு சரி.

ஒரு ஞாயிறு நான் அவருக்குப் பக்கத்தில் ஓடினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சுங்கை ரோடு தாண்டி ரோச்சோர் ரயில் நிலையம் வந்தது. கால்வாய்த் தண்ணீரில் விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. “இந்த இடத்துல ரோடு ஏன் இவ்வளவு புதுசா இருக்கு?” என்று பொதுவாகச் சொன்னேன்.

“நாங்க மூடுன ரோடு சார்.”

“என்னது?”

“இதுக்குக் கீழ ரெண்டு வருஷம் இருந்திருக்கேன் சார். இந்த ஸ்டேஷன் கட்டுனப்போ.”

முன்னே ஓடியவர்கள் காதிலும் அது விழுந்தது. யாரும் சொல்லாமலே எல்லாருடைய வேகமும் குறைந்தது. அவர் விளக்க ஆரம்பித்தார். முதலில் தோண்டுவதில்லை. தோண்டப்போகும் இடத்தின் இரண்டு பக்கமும் தரைக்குள் ஆழமாகக் காங்கிரீட் சுவரை இறக்க வேண்டும். பிறகுதான் நடுவில் இருக்கும் மண்ணை எடுப்பது. எடுக்க எடுக்கச் சுவர் உள்ளே சாயாமல் இரும்பு உத்தரங்களைக் குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் காலாங் பக்கத்து மண் கடல் களிமண். “கையில எடுத்தா பல்லு விளக்குற பேஸ்ட்டு மாதிரி இருக்கும் சார். நிக்கவே நிக்காது. மேல பஸ் போகும், பக்கத்துல கால்வா ஓடும், கீழ நாங்க.”

“நான் வாரத்துல அஞ்சு நாள் இந்த ஸ்டேஷன்லதான் இறங்குறேன்” என்றார் அக்கா. வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்: “தொறந்த அன்னிக்கு வந்து பாத்தியா தம்பி?”

“இல்லக்கா. 2015 டிசம்பர் 27. ஞாயித்துக்கெழமதான். எனக்கு வேற சைட்டுல ஓ.டி.”

‘சார்’ போய் ‘அக்கா’ வந்ததை நான் கவனித்தேன். அடுத்த வாரம் எனக்கும் ‘அண்ணே’ கிடைத்தது.

தேநீர் மேசையில்

இதைப் படித்துவிட்டு, ஓட்டம் எல்லாரையும் சமமாக்கிவிடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டம் முடிந்து தேக்கா உணவங்காடியில் உட்காரும்போது அலமாரிகள் தாமாக வந்து அடுக்கிக்கொள்கின்றன. ‘தே தாரிக்’ சொல்பவர், பால் சர்க்கரை இல்லாத ‘தே ஓ கோசோங்’ சொல்பவர் என்று பிரிந்தது போக, பேச்சும் பிரியும். வீட்டு விலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், டிசம்பர் விடுமுறைக்கு ஜப்பானா கொரியாவா. பட்டுக்கோட்டைக்காரர் டீயைக் குடித்துவிட்டு, “ஊருக்குப் பணம் அனுப்பணும், வரேன்” என்று எழுந்துவிடுவார். கால் நகரும்போது பேசியவர்கள், உட்கார்ந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று 2020 காட்டியது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு முடங்கியிருந்தபோதும் மற்றவர்கள் வெளியே வந்து தனியாக ஓட அனுமதி இருந்தது. விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கோ வாசலைத் தாண்ட முடியவில்லை. அவர்களுடைய கட்டுப்பாடுகள் தளர மிக நீண்ட காலம் ஆனது. “அப்ப நீ என்ன செஞ்ச?” என்று மூத்தவர் ஒருநாள் ஓட்டத்தில் கேட்டார்.

“ரூமுல பன்னெண்டு கட்டில்ணே. கட்டிலுக்கு நடுவுல நின்ன எடத்துலயே ஓடுனேன். பக்கத்துக் கட்டில்காரன் பேசிக்கிட்டே இருப்பான். அதனால ஓட முடிஞ்சுது.”

அன்று வெகுதூரம் யாரும் பேசவில்லை. விளையாட்டரங்கின் பெரிய கூரை, 310 மீட்டர் அகலக் கவிகை, தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. அந்தத் தண்ணீர் ஒருகாலத்தில் கடல். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு நகரத்தின் குடிநீர்த் தேக்கம். உப்பு போய் நன்னீராக மாறச் சில வருடம் பிடித்தது.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. பாதையில் எங்காவது தடுப்பு வைத்துத் தோண்டியிருந்தால் இப்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். எதற்குத் தோண்டுகிறார்கள், எந்தப் பக்கம் சுற்றிப் போகலாம் என்று அவர் கையைக் காட்டுவார். பன்னாட்டு வங்கி அதிகாரியும் அந்தப் பக்கமே திரும்புவார். மேசையில் கிடைக்காத இடம் பாதையில் கிடைத்திருக்கிறது.

போகிறவர்களுக்கு

சுற்றுலாவாகச் சிங்கப்பூர் போகிறவர்கள் ஓடும் காலணியையும் பெட்டியில் வையுங்கள். தனியாக ஓட மரினா விரிகுடாவைச் சுற்றி வரலாம். மூன்றரைக் கிலோமீட்டர், மெர்லயன் சிலையும் வழியில் வந்துவிடும். நீண்ட ஓட்டத்துக்கு 24 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவோடு மலேசிய ரயில் நின்றுபோன தடம் இப்போது பசுமை நடைபாதை. அந்த ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் 1932-இல் தண்டவாளத்தின் அருகே வைத்த முனீஸ்வரன், இன்று குவீன்ஸ்டவுனில் பெரிய கோயிலாக நிற்கிறார்.

கூட்டமாகப் போக இந்த ஊர்த் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பூசத்தில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடியோடு நடப்பவர்கள்தாம். அங்கே பக்கத்தில் வருபவரிடம் என்ன வேலை, எந்த வீடு என்று யாரும் கேட்பதில்லை. ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்பது மட்டுமே பேச்சு.

குழுவோடு ஓட வாய்த்தால் இரண்டு யோசனைகள். மேட்டில் யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள். அங்கே நீங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். சமதளம் வந்ததும் ஒரு மரத்தையோ பாலத்தையோ தெருப் பெயரையோ காட்டி, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். பதில் சொல்பவர் யாராக இருந்தாலும், அந்த இடத்தில் அவர்தான் ஊர்க்காரர்.